அத்தானின் சர்க்கரை

"உண்மையச் சொல்லுங்க அத்தான், யாருக்கும் தெரியாம என்னத்தத் தின்னீங்க?"

சுடலைக்கண்ணு தலையணையைத் தூக்கிப் பார்த்தான். கட்டிலுக்கு அடியிலும் குனிந்து தேடினான்.

சாலைக் கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருக்கும் நெல்லையப்பன், ஏணியிலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டு இந்த நர்சிங்ஹோமுக்கு வந்து நான்கு நாளாகிறது. துணைக்கு இருப்பவன் மனைவியின் தம்பி சுடலைக்கண்ணு.

"ஒண்ணும் திங்கல மாப்ள! எத்தனை தடவை சொல்லுதது? பாலுக்குக்கூட சீனி போடல."

"பின்னே யூரின்ல அம்புட்டுச் சர்க்கரை எப்பிடி வந்துச்சு? டாக்டர் சொன்னாருல்லா? அசையாமக் கிடந்தா கால்ல ரத்தம் கட்டியாகி நெஞ்சுக்கு ஏறிருமாம். சர்க்கரையும் சேர்ந்தா ஆபத்து இன்னும் கூடுதலாம். அது குறையாம ஆபரேஷனும் கிடையாதுங்காரு. அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

நெல்லையப்பனுக்குப் பயத்தில் நேற்றிலிருந்து தூக்கமே இல்லை. காலில் லேசாகச் சுரீரென்றாலும் கட்டி கிளம்பிவிட்டது என்று மாரைப் பிடித்துக்கொண்டார்.

பயத்தைவிட எரிச்சல் அதிகம். பார்க்க வந்த வியாபாரிகள் எல்லோரும் போளியாகக் கொண்டுவந்து குவித்தார்கள். ஒரு விள்ளல்கூட அவர் வாய்க்குப் போகவில்லை. "உங்க கண்ணுல படக்கூடாது" என்று அத்தனையையும் சுடலைக்கண்ணுவே தின்று தீர்த்தான். கூஜாத் தண்ணீரையும் அவனே காலி செய்துவிட்டு, அரை மணிக்கொரு தரம் கக்கூசுக்கு ஓடினான்.

"வாய் நிறையப் போளிய வச்சுக்கிட்டு எனக்குப் புத்தி சொல்லாத, ஆமா!"

டாக்டர் சாம்பசிவன் கையில் ஒரு காகிதத்துடன் உள்ளே வந்தார்.

"காலம்பற எடுத்த பிளட்ல சுகர் ரொம்ப நார்மல், கேட்டேளா? நாளைக்கே ஆபரேஷன் வச்சுக்கலாம். நேத்து யூரின்ல மட்டும் எப்படி அவ்வளவு வந்ததுன்னுதான் புரியலை. பாட்டிலை லேபுக்கு யார் கொண்டுபோனது?"

வாய்க்குப் போய்க்கொண்டிருந்த போளி பாதி வழியில் நின்றது.

"நான்தான் டாக்டர்... படியில கைதவறி உடைஞ்சிட்டு. படுத்த கிடையா அத்தான் எவ்வளவோ கஷ்டப்பட்டுக் குடுத்தாரு, மறுபடி கேக்க மனசு வரல. வேற பாட்டில் வாங்கி... நானே நிறைச்சுக் குடுத்துட்டேன்."