ஏரிக்குக் கொடுத்த பெயர்

தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் நின்றாள். திரும்பிக் கரையைப் பார்த்தாள்.

அம்மா துண்டும் கையுமாக நின்றுகொண்டிருந்தாள்.

ஒரே ஒருமுறை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் குறைந்தா போய்விடுவாள்?

கரைக்கோன்களின் நாடு என்று பேச்சுதான் பெரிது. மூன்று ஊர், ஓர் ஏரி. பட்டத்துக்கு வருபவர் தம் பெயரை ஏரிக்குக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தால் கரை நிற்கும். அந்தப் பெயர் அந்த நொடியே எல்லோர் நினைவிலிருந்தும் போய்விடும், கல்வெட்டிலிருந்தும்கூட. பிறகு புதிதாக எதை வைத்தாலும் பொழுது விடிவதற்குள் மறந்துபோகும். அதனால் இந்த வம்சத்தின் கதையைச் சொல்வது ரொம்பச் சுலபம். முதலாமவர், இரண்டாமவர் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். யார் யார் என்று மட்டும் கேட்கக் கூடாது.

அவளுடைய அப்பா ஒன்பதாமவர். ஆவணியில் இறந்தார். அன்றைக்கே கரையில் விரிசல் விட்டது.

பாடையருகே அம்மா "என்னங்க, என்னங்க" என்றே அழுதாள்.

கல்யாணத்தின்போது அவருக்கு ஒரு பெயர் இருந்தது. புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்று சொல்லி அம்மாவை வளர்த்திருந்தார்கள். அவளும் சொல்லாமலே இருந்துவிட்டாள். பிறகு ஏரி எடுத்துக்கொண்டது.

அம்மா மகளையும் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தொட்டிலில் போட்ட நாளிலிருந்து வாய்க்கு வந்த வேறொன்றுதான். வளர்ந்த பிறகு மகள் கத்தினாள். ஆட்கள் முன்னால் அப்படிக் கூப்பிடாதே, எனக்கென்று ஒரு பெயர் இருக்கிறது என்றாள். அதோடு அம்மா எதையும் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டாள்.

அந்தக் கோபம் மகளுக்கு இன்னும் ஆறவில்லை. தன் பெயரை அம்மாவின் வாயால் ஒருமுறை கேட்டுவிட்டுக் கொடுக்கலாம் என்று நின்றாள்.

கரையில் நின்ற ஊர்ப் பெரியவர்கள் இருமினார்கள். விரிசலில் மண் சரிந்தது.

அம்மா தலையை மட்டும் அசைத்தாள், போ என்பதுபோல்.

அவள் மூழ்கினாள். தண்ணீருக்குள் பெயரைச் சொன்னாள்.

எழுந்தபோது விரிசல் மூடியிருந்தது. மூன்று ஊரும் கூச்சல் போட்டது. வாழ்த்த வந்த மந்திரி வாயைத் திறந்தார், திருதிருவென்று விழித்தார். "பத்தாமவர் வாழ்க" என்றார்.

அவளும் தனக்குள் தேடிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

இப்படியே சாகும்வரை இருக்க வேண்டுமே என்று பயமாக இருந்தது.

அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்தாள்.

"ஏ மொச்சக்கொட்ட, தலையக் குனி."

கரையில் யாரோ சிரித்தார்கள். ஏரி அசையவில்லை.

பத்தாவது கரைக்கோன் தலையைக் குனிந்து கொடுத்தாள். துண்டுக்கு அடியிலிருந்து அவள் குரல் வந்தது.

"இன்னொரு தரம் கூப்பிடும்மா."