ஐந்து நாள் தாமதம்

மார்கழிக் குளிரில் இறக்கை விறைத்துக் கிடந்த பச்சை ஈ, ஆறாம் நாள் வெயில் வந்த பிறகுதான், வேதமுத்து இறந்துகிடந்த அறைக்குள் ஜன்னல் இடுக்கு வழியாக வந்தது. கட்டிலில் சாய்ந்திருந்த அவருடைய கைத்தடியிடம் மன்னிப்புக் கேட்டது.

“கோடையா இருந்தா அன்னைக்கே வந்திருப்பேன் அண்ணே. துக்கத்துக்கு யாரெல்லாம் வந்தாங்க?”

“நீதான் முதல் ஆள்.”

ஈ பதறியது. “ஐயோ! என் புழுவோட வயசை வச்சுத்தானே டாக்டர் இவர் செத்த நாளைக் கணக்குப் போடுவார்? இந்த அஞ்சு நாளும் உயிரோட இருந்ததா எழுதிடுவாரே!”

“எழுதட்டும்,” என்றது கைத்தடி. “இந்தக் கதவை யாருமே தட்டாத பத்து வருஷத்தையும் அப்படித்தான் எழுதி வச்சிருக்காங்க.”