முதல் கியர் விழுந்தால் போதும்

"என்ன அபாங், காருக்கு அடியில படுத்துத் தூங்குறீங்களா?"

"தூங்கல நோரி. கியர் கம்பியைத் தேடுறேன். எது கியர், எது சைலன்சர்னு ஒரு எழவும் புரியல."

வெளியே ஜம்ரியின் இரண்டு கால்கள் மட்டும்தான் தெரிந்தன. ஸ்குரூ டிரைவரைக்கூடத் தலைகீழாகப் பிடிக்கிறவன் அவன். மலேசியாவின் தைப்பிங்கில் அந்தத் தெரு முழுக்கத் தெரிந்த விஷயம் இது. அப்படிப்பட்டவன் ஞாயிற்றுக்கிழமை காலையில், வாங்கி வைத்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைக்கூடப் பிரிக்காமல் காருக்கு அடியில் புகுந்துவிட்டான்.

"நாளைக்கு ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துட்டுப் போனா என்ன?" என்றாள் மனைவி நோரிசான். புருஷனை அவள் மலாய் வழக்கப்படி 'அபாங்' என்றுதான் கூப்பிடுவாள்.

"நாளைக்கா? அதெல்லாம் ஆகாது. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள இது ஓடியே ஆகணும்."

ஏன் இத்தனை அவசரம் என்று கேட்டால் சிரிப்பீர்கள். எல்லாம் ஒரு திருடனுக்காகத்தான்.

கல்யாணத்தன்று மாமனார் அவன் கையில் சாவியைத் திணித்துக் கொடுத்த கார் அது. மனுஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், கார்தான் போகமாட்டேன் என்கிறது. ஏசி போட்டால் அனல் வரும். வெளியே மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும். சீட்டில் ஒரு கம்பி, குத்தக்கூடாத இடத்தில் குத்தும். ஆனால் விற்கலாம் என்று சொல்ல ஜம்ரிக்கு வாய் வரவில்லை. அப்பா நினைவாக அவளுக்கு இருப்பது இது ஒன்றுதான், சொன்னால் அழுதுவிடுவாள். அதனால் வெள்ளிக்கிழமைதோறும் பல்லைக் கடித்துக்கொண்டு காரைக் கழுவி, பாலீஷ் போட்டு, அவள் பார்க்கிற மாதிரி செல்லமாக நாலு தட்டும் தட்டி வைத்தான். யாராவது கொண்டுபோய்த் தொலைக்கட்டும் என்று சாவியைக் காரிலேயே விட்டும் வைத்தான். ஒரு நாயும் சீண்டவில்லை.

இன்று விடியற்காலைதான் ஆண்டவன் கண் திறந்தான். தொழுகைக்கு எழுந்த ஜம்ரி ஜன்னல் வழியே பார்க்கிறான், முகத்தில் சாரோங் கைலியைச் சுற்றிக்கொண்டு ஒருத்தன் காருக்குள் உட்கார்ந்திருக்கிறான்! ஜம்ரி கத்தவில்லை. 'போடா ராசா, நல்லபடியாப் போய்ச் சேரு' என்று மனசுக்குள் வாழ்த்தினான்.

இன்ஜின் கிளம்பியது. கியரைப் போட்டான் திருடன். கடகடவென்று ஒரு சத்தம். அவ்வளவுதான், கியர் கம்பு கஞ்சிப் பானையில் விட்ட அகப்பை மாதிரி நாலா பக்கமும் சுற்றியது. முதல் கியரும் விழவில்லை, ரிவர்சும் விழவில்லை. திருடன் ஸ்டீயரிங்கில் தலையை முட்டிக்கொண்டு, இறங்கி ஓடிப்போனான்.

ஜம்ரிக்கு அழுகையே வந்துவிட்டது. இவ்வளவு தூரம் வந்தவன் நாளைக்கும் வராமலா போவான்? அதற்குள் சரி செய்து வைக்க வேண்டாமா?

ஜம்ரி காருக்கு அடியில் தட்டுகிற சத்தம் கேட்டு, பக்கத்து வீட்டு அங்கிள் கியோங் காப்பியும் கையுமாக வந்து குனிந்தார்.

"ரெண்டு கம்பி சேர்ற இடத்துல ஒரு ரப்பர் புஷ் இருக்கும் பாரு."

"இடம் இருக்கு அங்கிள், புஷ்ஷைத்தான் காணோம்."

"தேஞ்சு விழுந்திருக்கும். சரி, உன் ரப்பர் செருப்பைக் கழட்டு."

"அடிக்கப் போறீங்களா?"

"நறுக்கப் போறேன்டா!"

செருப்பின் குதிகாலிலிருந்து ஒரு வில்லை வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு, கம்பிகளுக்கு நடுவே திணித்து, ஒயரால் இறுக்கிக் கட்டினார்கள். அதாவது, அங்கிள் சொன்னார். ஜம்ரி மூன்று தடவை தப்பாகக் கட்டி, விரலையும் நசுக்கிக்கொண்டு, கடைசியில் கட்டினான்.

நோரிசானுக்கு வீட்டுக்குள் இருப்பே கொள்ளவில்லை. நிமிஷத்துக்கு ஒருதரம் வந்து எட்டிப் பார்த்தாள்.

"முதல் கியர் விழுதா?"

"விழுது."

"ரிவர்ஸ்? ரிவர்ஸ் முக்கியம் அபாங், கேட்டைத் தாண்டணும்ல?"

"எல்லாம் விழுது நோரி."

"சத்தமில்லாம விழுதா?"

ஜம்ரி ஒயரையே பார்த்தான். அப்பா கார் மேல் எவ்வளவு பாசம்! இவளைப் போய் ஏமாற்றுகிறோமே, நாமெல்லாம் ஒரு மனுஷனா? ஒயரை அவிழ்த்துவிடலாமா என்றுகூட நினைத்தான். ஓட்டிப் பார்க்க ஏறி உட்கார்ந்ததும் சீட்டுக் கம்பி நறுக்கென்று குத்தியது. பாசமாவது ஒன்றாவது என்று நேராக பெட்ரோல் பங்குக்குப் போனான். திருடன் பாதி வழியில் நின்றுவிடக்கூடாதே என்று டாங்கை நிரப்பி, நாலு டயருக்கும் காற்றடித்துக்கொண்டு திரும்பினான்.

வாசலில் அங்கிள் கியோங் ஒரு பெரிய இரும்புப் பூட்டோடு நின்றார்.

"இதை ஸ்டீயரிங்ல மாட்டிடு. காலையில ஒருத்தன் முகத்தை மூடிட்டு இதுலேர்ந்து இறங்கி ஓடுனதைப் பார்த்தேன், மறுபடி வருவான்."

"வேணாம்!" என்று புருஷனும் பெண்டாட்டியும் ஒரே மூச்சில் கத்தினார்கள்.

"துருப்பிடிச்சிருக்கு அங்கிள்," என்றான் ஜம்ரி.

"கனமா இருக்கு, ஸ்டீயரிங் வளைஞ்சிடும்," என்றாள் நோரிசான்.

அங்கிள் கியோங் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பூட்டைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

ஜம்ரி கைக் கறையைக் கழுவ சோப்பு தேடிக் கொல்லைப் பக்கம் போனான். சமையலறையில் நோரிசான், போனில் தன் தம்பியிடம் குரலைத் தாழ்த்திப் பேசுவது ஜன்னல் வழியே கேட்டது.

"பாஹ்ரின், அந்த சாரோங்கை நல்லா இறுக்கிக் கட்டிட்டு நாளைக்கு விடியக்காலையில மறுபடி வா. இப்ப கியரெல்லாம் ஜோரா விழுது. எங்கயாவது கண்காணாத இடத்துல கொண்டுபோய் விட்டுடுடா, அந்தச் சனியன்ல இனிமே என்னால உக்கார முடியாது. வித்துடுங்கன்னு அவர்கிட்ட எப்படிடா சொல்றது? மனுஷன் அது மேல உசுரையே வச்சிருக்காரு. பாவம், இன்னிக்குப் பூரா பச்சத் தண்ணி குடிக்காம அதுக்கு அடியிலேயே கிடந்தாரு!"