பல் திறக்கவில்லை

“வாயைத் திறந்துட்டா டாக்டர். பல்லைத்தான் திறக்க மாட்டேங்கறா!”

அப்பா இரண்டு கைகளையும் விரித்தார். பல் டாக்டரம்மா குனிந்து பார்த்தார். உண்மைதான். நாற்காலியில் சாய்ந்திருந்த ஒன்பது வயதுச் சிறுமி மிட்டாயின் உதடுகள் காதுவரை விரிந்திருந்தன. மேல்வரிசையும் கீழ்வரிசையும் மட்டும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நின்றன. வாசல் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு கிரில் கேட்டைப் பூட்டிய வீடு மாதிரி இருந்தது அந்த வாய்.

தனிக் கவனிப்பு தேவைப்படும் பிள்ளைகளுக்கென்றே நடக்கும் கிளினிக் அது. தொட்டால் துள்ளும் பிள்ளை, வெளிச்சத்தைக் கண்டால் மேஜைக்கடியில் குடியேறும் பிள்ளை என்று டாக்டரம்மா பார்க்காத ரகம் இல்லை. கடி வாங்காத விரலும் இல்லை. அவர் கட்டைவிரலை மட்டும் காட்டினால் ஊரில் பாதிப் பேருடைய பல் வரிசையை அடையாளம் சொல்லிவிடலாம் என்பாள் சிஸ்டர். ஆனால் இப்படிச் சிரித்த முகமாய்ப் பூட்டிக்கொண்ட பிள்ளையை அவர் பார்த்ததே கிடையாது.

அதிலும் மிட்டாய் பழகிய பிள்ளை. ஆட்டிசம் இருப்பதால் பேச்சு ரொம்பக் குறைவு; பேசினாலும் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வாள். மாதக்கணக்காக அம்மாவோடு வந்து, சும்மா நாற்காலியில் ஏறி இறங்கிப் பழகியவள். எச்சில் உறிஞ்சும் குழாய்க்குத் ‘தும்பிக்கை’ என்று பெயர் வைத்து அதோடு கைகுலுக்கியும் ஆயிற்று. போன தடவை, கொட்டாவி விடும் நீர்யானையே வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்கிற மாதிரி ‘ஆ’ காட்டினாள். இன்று அம்மாவுக்குக் காய்ச்சல். முதல் தடவையாக அப்பா அழைத்து வந்திருந்தார்.

“இன்னிக்கு முடிச்சே ஆகணும் சார்” என்றார் டாக்டரம்மா. “கடைவாய்ப் பல்லுல சொத்தை ஆழமாப் போயிட்டிருக்கு. இப்ப அடைச்சா பல்லு தப்பிக்கும். தள்ளிப்போட்டா பெரிய ஆஸ்பத்திரியில மயக்க மருந்து குடுத்துத்தான் எடுக்கணும்.”

“இவ இதயத்துக்கு மயக்க மருந்து ஆகாதுன்னு சொல்லியிருக்காங்களே டாக்டர்!”

“அதுக்குத்தானே இத்தனை நாளா இவளோட யானை விளையாட்டு விளையாடிட்டிருக்கேன்.”

அப்பா மகள் பக்கம் குனிந்தார். “கேட்டியாடி செல்லம்? திறம்மா. சொன்ன பேச்சைக் கேட்கிற வழக்கமே கிடையாது டாக்டர். அப்படியே அவ அம்மா வழி!”

“அவங்க அம்மா வந்தப்பல்லாம் ஒழுங்காத்தான் திறந்தா சார்” என்றாள் சிஸ்டர்.

அப்பா கூரையைப் பார்த்தார்.

டாக்டரம்மா களத்தில் இறங்கினார். விளக்கைக் குறைத்தார். மிட்டாய்க்குக் கறுப்புக் கண்ணாடி போட்டார். அவள் தனியாக உணரக் கூடாதே என்று தானும் போட்டு, சிஸ்டருக்கும் அப்பாவுக்கும் மாட்டிவிட்டார். அறை, கொள்ளைக்கூட்டம் ஒன்று திட்டம் போடும் இடம் மாதிரி ஆகிவிட்டது. பதற்றம் தணிய அவள் மடியில் கனமான போர்வையைப் போர்த்தினார்.

“கால நீட்டிக்கோ கண்ணு.”

மிட்டாய் ஒரு காலை நீட்டினாள்.

“இன்னொண்ணு யாருக்கு மிச்சம் வச்சிருக்கே?” என்று சிரித்தபடி சிஸ்டர் மற்றதையும் நீட்டிவிட்டாள்.

“இப்ப அப்பா எப்படித் திறக்கறாரு பாரு!”

மகளுக்காக அப்பா திறந்த திறப்பில், காலையில் சாப்பிட்டதே எட்டிப் பார்த்திருக்கும். டாக்டரம்மா டார்ச் அடித்தார். “அடடா, உங்களுக்கே ரெண்டு சொத்தை இருக்கே சார்! அப்புறம் கவனிக்கிறேன்.”

மிட்டாய்க்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பும் பல்லிடுக்கு வழியாக ‘ஹிஸ் ஹிஸ்’ என்று குக்கர் ஆவி மாதிரிதான் வந்தது. தும்பிக்கை வந்து கெஞ்சியது. தண்ணீர்க்குழாய் விசிலடித்தது. ம்ஹும். தாடை வலித்ததோ என்னவோ, கன்னத்தை ஒரு கையால் தாங்கிக்கொண்டாளே தவிர, பூட்டு திறக்கவில்லை.

“என்ன பிடிவாதம் பாருங்க!” அப்பா நாற்காலியை நெருங்கினார். “கையக் கால நான் பிடிச்சுக்கட்டுமா டாக்டர்?”

“இந்த ரூம்ல யாரும் யாரையும் பிடிக்கறதில்ல சார். இன்னிக்கு அமுக்கிப் பிடிச்சா, அப்புறம் ஆயுசுக்கும் பல் டாக்டர்னாலே ஓடுவா.”

“அப்போ ஆபரேஷனுக்கு அனுப்பறதா? அங்க ஏதாவது ஒண்ணு ஆயிட்டா…” அப்பா கறுப்புக் கண்ணாடிக்குள் விரலை விட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் செய்ய எழுந்தவர், ஏதோ தோன்றி மறுபடி உட்கார்ந்தார். இவ்வளவு நேரம் எல்லோரும் திற, திற என்று கெஞ்சினார்களே தவிர, அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

“மிட்டாய், பயமா இருக்கா?”

இல்லை என்று தலை ஆடியது.

“நான் ஏதாவது வலிக்க வச்சேனா?”

அதற்கும் இல்லை.

“பின்னே ஏம்மா பல்லைத் திறக்கலே?”

மிட்டாய் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். அப்பாவை ஒருமுறை பரிதாபமாகப் பார்த்தாள். பிறகு கடித்த பல்லைத் துளியும் பிரிக்காமல், ஆள்காட்டி விரலை ஆட்டி, காரில் வரும்போது அப்பா சொன்ன அதே குரலில், அதே மிடுக்கில் சொன்னாள்:

“எவ்வளவு கஷ்டமா இருந்தாலும் சரி, டாக்டர் முடிக்கிற வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கணும், தெரிஞ்சுதா?”