ழ-வுக்கு எந்த எழுத்து?

குழந்தைவேலுவின் கணினியில் மகளின் கல்யாண வீடியோக்கள் ஒரே ஃபோல்டரில் இருந்தன. அதைக் குறியாக்கம் செய்து, கடவுச்சொல் போட்டுப் பூட்டிய பிரதி ஒன்றை உண்டாக்கினார். அது பழைய ஃபோல்டருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"பெரியவரே, யார் க்ளிக் பண்ணினாலும் பல்லைக் காட்டுறீங்க. இனி உங்களை அழிச்சிடுவாரு," என்றது புதுசு.

"போறேன் தம்பி. முதல்ல உன்னை ஒருதரம் திறந்து பார்க்கட்டும்."

கடவுச்சொல் மாம்பழம். அதை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தார். இப்போது ழ-வுக்கு இசட் போட்டுப் பார்த்தார், எல் போட்டுப் பார்த்தார். ப-வுக்கு P-யா, B-யா என்றும் குழம்பினார். புதுசு திறக்கவே இல்லை.

"எந்த மாம்பழம்னு நீயாவது சொல்லேன்டா!" என்றது பழசு.

"எனக்கே தெரியாது. தெரிஞ்சா நான் என்ன பூட்டு?"

குழந்தைவேலு புதுசை அழித்தார்.