குடும்பத்து முகம்

ஓவியக் கல்லூரியில் மகள் வைத்திருந்த கண்ணாடிக் கண்காட்சிக்கு ஓய்வு பெற்ற நீதிபதி வேண்டாவெறுப்பாகத்தான் வந்தார். முதல் கண்ணாடியில் குள்ளமாகத் தெரிந்தார். அடுத்ததில் கழுத்து ஒட்டகத்தைப் போல நீண்டது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

“மூணு தலைமுறையா ஊரே கையெடுத்துக் கும்பிட்ட முகம்மா இது. இப்படியா சந்தி சிரிக்க வைப்பே?”

“வெளிச்சமும் வளைவும் செய்யிற வேலைப்பா. உங்க கௌரவம் அப்படியேதான் இருக்கு.”

முறைத்துக்கொண்டே கதவோரக் கண்ணாடி முன்னால் போய் நின்றார்.

“இதுதான் இருக்கிறதிலேயே மோசம். வாயை ஒரு பக்கமா கோண வச்சிருக்கே. முதல்ல இதைக் கழட்டு!”

திரும்பிப் பார்த்த மகளின் சிரிப்பு நின்றுபோனது.

“அப்பா, ரெண்டு கையையும் தூக்குங்க.”

“நான் என்ன கைதியா?” என்றபடியே தூக்கினார். இடது கை பாதியிலேயே நின்றுவிட்டது.

அவரை மெதுவாக நாற்காலியில் உட்கார வைத்து, ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள்.

“கண்ணாடியைக் கழட்டச் சொன்னா, எதுக்கும்மா ஆம்புலன்ஸ்?”

“அது நான் செஞ்சது இல்லப்பா. வர்றவங்க தலை வாரிக்க மாட்டியிருக்கிற சாதாரணக் கண்ணாடி.”

யாரிடமும் உதவி கேட்டுப் பழகாத நீதிபதி, வலது கையை அவளிடம் நீட்டினார்.

“பிடிச்சுக்கம்மா.”