சாம்பல் சட்டைக்காரன்

சாம்பல் சட்டைக்காரன் பத்து கிலோமீட்டராக வில்லெமின் சைக்கிள் பின்சக்கரத்தை விட்டு நகரவில்லை. அவர் வேகம் கூட்டினால் அவனும் கூட்டினான். குறைத்தால் குறைத்தான். ஒருமுறைகூட முன்னால் வந்து எதிர்காற்றில் ஓட்டவில்லை.

‘அட்டை மாதிரி ஒட்டிக்கிட்டு வர்றான்.’ வில்லெம் பல்லைக் கடித்தார். அடுத்தவன் முதுகில் ஒளிந்து தெம்பைச் சேர்த்துவைத்து, கடைசி நூறு மீட்டரில் பாய்ந்து தாண்டுகிறவர்களை அவருக்குத் தெரியும். இரண்டு பந்தயங்களில் அப்படித்தான் நான்காவதாகத் தள்ளப்பட்டார்.

நெதர்லாந்திலிருந்து சீனாவின் ஹாங்சோவுக்கு வேலைக்கு வந்து ஏழு வருடம். அடுத்த வாரம் மனைவியோடு ஊர் திரும்புகிறார். அவருடைய சைக்கிள் கிளப் கூடும் கடையின் சுவரில், பரிசு மேடை ஏறியவர்களின் படங்கள் வரிசையாக மாட்டியிருக்கும். அவர் படம் மட்டும் இல்லை.

கிளப்பில் அவரை வெய் என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில்கூட ஃபாங் சீண்டினான். “வெய் அண்ணே, உங்க படத்துக்குன்னு ஆணி அடிச்சு மூணு வருஷமாச்சு. துருப்பிடிச்சே போச்சு.”

இன்று அந்த ஆணிக்கு வேலை வந்துவிட்டது. இருபது பேர் கும்பலாகப் போன இறக்கத்தில், மூடுபனிக்குப் பயந்து எல்லோரும் பிரேக்கைப் பிடித்தார்கள். வில்லெம் பிடிக்கவில்லை. தேயிலை ஆலை முனையில் ஏதோ சீன எழுத்துப் பலகை பனியில் கடந்துபோனது. ஆலையைத் தாண்டித் திரும்பிப் பார்த்தபோது பின்னால் ஒருவரும் இல்லை.

அதற்குப் பிறகு உடைந்த சிமெண்டுப் பாதை, கோழிகள், முடிவே இல்லாத ஓர் ஏற்றம். நடுவில் செயின் கழன்று சிக்கிக்கொண்டது. பிடுங்கி மாட்டி முடிக்கும்வரைகூட யாரும் அவரை எட்டிப் பிடிக்கவில்லை. மறுபடி தார்ச்சாலையில் ஏறியபோதுதான் இந்தச் சாம்பல் சட்டை எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது.

“முன்னாடி வாயேன்ப்பா. மாத்தி மாத்தி இழுப்போம்.”

“வேணாம் அண்ணே. நீங்க போங்க, நான் பின்னாடியே வர்றேன்.”

“உன் நம்பர் என்ன?”

“திருப்பம் வழுக்கும், பாத்து அண்ணே.”

கேட்டதற்குப் பதில் இல்லை. அவன் நெஞ்சில் எண் இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார். மழைச்சட்டை கழுத்துவரை மூடியிருந்தது. நம்பரை மறைக்கிறவன் என்னென்ன மறைப்பானோ.

சாலையோரம் நெடுக வாழைப்பழத் தோல்கள். குப்பை போட இந்த இடம்தானா கிடைத்தது என்று முகம் சுளித்தபடி, அவற்றை விலக்கி ஓட்டினார்.

பின்னால் கரகரவென்று ஒரு சத்தம். சாம்பல் சட்டைக்காரன் தோளில் மாட்டியிருந்த வாக்கிடாக்கியில் பேசிக்கொண்டிருந்தான்.

“ஆமா, எனக்கு முன்னாலதான் போறாரு. வெளிநாட்டுக்காரர். இன்னும் ஆறு கிலோமீட்டர் இருக்கு. இல்லல்ல, இவரை விட்டுட்டு வரமாட்டேன்.”

ஏழு வருடத்தில் எழுத்து வராவிட்டாலும் பேச்சு அவருக்கு நன்றாகவே புரியும். கூட்டாளிகளுக்குத் தகவல் போகிறது. பனிக்குள் ஒரு வேனின் உறுமலும் கேட்டது. தனியாக வரவில்லை, ஆளும் வண்டியுமாக வந்திருக்கிறார்கள்.

“அண்ணே, ரொம்பக் களைச்சுட்டீங்க. நின்னு தண்ணி குடிங்க. ஒண்ணும் அவசரமில்ல.”

அவசரமில்லையாம். யாரிடம் கதை விடுகிறான்.

“நான் நிப்பேன். நீ போயிடுவே. அதானே?”

“நீங்க நின்னா நானும் நிப்பேன்.”

சோதித்துப் பார்க்க வில்லெம் சட்டென்று பிரேக் பிடித்தார். அவனும் பிடித்தான். மூங்கில் புதர் ஓரம் இரண்டு பேரும் ஒரு காலைத் தரையில் ஊன்றி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்சம் தள்ளி வேனும் நின்றது.

வில்லெம் மறுபடி பெடலை மிதித்தார்.

கடைசி ஏற்றத்தில் தொடை பிடித்துக்கொண்டது. இதற்கு மேல் மறைக்க முடியவில்லை. “தம்பி, அடுத்த வாரம் நான் ஊருக்குப் போறேன். திரும்பி வரமாட்டேன். கடைசியில மட்டும் என்னைத் தாண்டாதே.”

“சத்தியமா தாண்டமாட்டேன் அண்ணே.”

எவ்வளவு சுலபமாகச் சத்தியம் செய்கிறான். இனி சந்தேகமே இல்லை, நூறு மீட்டர் இருக்கும்போது பாயப்போகிறான்.

திருப்பம் தாண்டியதும் காற்றடைத்த சிவப்பு வளைவு தெரிந்தது. இருநூறு மீட்டர். யாரோ மேளம் கொட்டினார்கள். நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து கைதட்டத் தொடங்கினார்கள். மனைவி லீன் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தியபடி நின்றாள். ஃபாங் செல்போனைத் தூக்கிப் பிடித்தான்.

வில்லெம் எழுந்து நின்று மிதித்தார். நூறு மீட்டர். ஐம்பது. பக்கவாட்டில் சாம்பல் நிறம் வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. சொன்னபடியே அவன் பின்னால்தான் இருந்தான்.

முடிவுக்கோட்டைத் தாண்டியதும் இரண்டு கைகளையும் மேலே தூக்கினார். கண் கலங்கியது. எப்பேர்ப்பட்ட மனிதனை என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்று வெட்கப்பட்டு, நன்றி சொல்லத் திரும்பினார்.

சாம்பல் சட்டைக்காரன் சைக்கிளை விட்டு இறங்கி, வாக்கிடாக்கியில் சொல்லிக்கொண்டிருந்தான்.

“கடைசி ஆளும் வந்து சேர்ந்துட்டாரு. வளைவை இறக்கிடுங்க.”